ஒரு வரியில் இரண்டு வருஷம்

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வாடகை அறைக்கு ஒரே பாய், ஒரே வாணலி. ஆள் மட்டும் இரண்டு. நான் பகல் ஷிப்ட் என்றால் அவன் இரவு. வாரம் திரும்பினால் ஷிப்ட் மாறும், அப்போதும் எதிரெதிராகவே மாறும். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது ஓ.டி. வந்து தொலைக்கும். நான் வரும்போது பாயில் சூடு இருக்கும், அவன் இருக்க மாட்டான். அடுப்பின் மேல் வாணலியின் கைப்பிடி எப்போதும் இடப்பக்கம் பார்த்து நிற்கும். திட்டிக்கொண்டே வலப்பக்கம் திருப்பிவைப்பேன்.

எங்களை வைத்தே ஒரு கதை எழுதினேன். கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால், மெஷினுக்கு வரும் அடுத்த ஆளிடம் முழு நாளையும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். அந்தப் பழக்கம் கதையிலும் ஒட்டிக்கொண்டது. ‘இருவரும் இரண்டு வருஷம் ஒரே அறையில் வாழ்ந்தார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன். பெரிய சாமர்த்தியம் என்ற நினைப்பு வேறு. அவனுக்கும் போனில் அனுப்பினேன்.

“நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒரு தடவகூடப் பேசிக்கிடலையே?” என்று குரல்பதிவாகப் பதில் வந்தது.

சரிதான். சுருக்கிச் சொன்னால் காலம் நகரும். ஆள் கண்ணில் தெரிய வேண்டுமானால் காட்சி வேண்டும், அவனை உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். கதையில் உட்காரவைத்தேன். வாயைத் திறந்தால் என்னைப் போலவே பேசினான். அவன் எப்படிச் சிரிப்பான் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மனசு ரொம்பவும் வெறிச்சென்று ஆகிவிட்டது.

அதற்குள் காண்ட்ராக்ட் முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பினான். ஒரே ஒரு காட்சியாவது கிடைக்கட்டும் என்று லீவு போட்டு, பஸ் ஏற்றிவிடப் போனேன். நிறுத்தத்து டீக்கடைக்காரருக்கு எங்கள் இருவரையும் தெரியும்.

“இன்னாப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூமா? இத்தினி நாளா தெரியாம போச்சே!” என்றார்.

அவன் சிரித்தான். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு டீ டம்ளரை இடது கையால் எடுத்தான்.

“உனக்கு இடது கையா?”

“பொறந்ததுலருந்தே அப்படித்தாண்ணே.”

பஸ் வந்துவிட்டது.

கதையைத் திரும்ப எழுதினேன். அந்த டீ மட்டும் நான்கு பக்கம் வந்தது. இரண்டு வருஷத்தை அந்த ஒரு வரியாகவே விட்டுவிட்டேன். அதில் சேர்க்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

இப்போது அறையில் நான் மட்டும்தான். வேலை முடிந்து வந்து பார்த்தால், வாணலியின் கைப்பிடி நான் வைத்த பக்கமே இருக்கிறது.