லைலாக் தோட்டத்துக்குக் கொண்டுபோன மூக்கு

போன மாரிக் காய்ச்சலோடு என் மனைவிக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. கறி அடிப்பிடித்தாலும் தெரியாது. அடுப்படியில் நின்று, "கருகுதோ?" என்று என்னைக் கேட்பாள். கேட்டுக் கேட்டே சமையலை வெறுத்துவிட்டாள். மணமுள்ளவற்றைத் தினமும் மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பழகச் சொன்னார் டாக்டர். கோப்பி, கராம்பு, தேசிக்காய் எல்லாம் பிடித்தோம். ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் லைலாக் தோட்டத்துக்குப் போவதென்று முடிவெடுத்தேன். ஒஸ்லோவில் அதைவிட மணக்கிற பூ எனக்குத் தெரியாது. பூத்தால் இரண்டு கிழமைதான் நிற்கும். சனிக்கிழமை வேலையை மாற்றி, வீட்டுக்குக் கிட்ட ஸ்டோவ்னரில் ரயில் ஏறி, பிறகு பஸ், பிறகு ஏற்றத்தில் நடை. சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர், குடை, அவளுடைய குளிர்ச்சட்டை எல்லாம் என் தோளில்.

பழைய காலத்துப் பெரிய வீட்டுத் தோட்டம் அது. ஊதாவும் வெள்ளையுமாய்க் கொத்துகள் பாதைக்கு மேல் சரிந்து கிடந்தன. எனக்கே தலை சுற்றுகிற மணம். இவளோ ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சேரும், கிட்டப் போய் மணந்து பாருமன்."

"ஒரு கொத்து கேட்டுப் பாருங்கோவன். சாமியறைக்கு வைக்கலாம்."

"முதல் மணந்து பாரும்."

"சாமிக்கு வைக்கிற பூவை ஆரும் மணப்பினமே?"

"அப்ப வேறை கொத்தை மணந்து பாரும். மரம் நிறையக் கிடக்குத்தானே."

"எந்தக் கொத்து தருவினமெண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்கு விசர் வந்தது. கிளை வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண்ணிடம் போய் நோர்வேஜிய மொழியில் கெஞ்சினேன். அவள் சிரித்தபடி வெட்டி விழுத்தின கொத்தொன்றை எடுத்து, தன் மூக்கில் நன்றாக அழுத்தி மணந்துவிட்டுத்தான் தந்தாள்.

"அவ மணந்துபோட்டா. இனிச் சாமிக்கு ஆகாது. இப்பவாவது நீர் மணந்து பாரும்."

சாட்டுச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. கண்ணை மூடி, வெகுநேரம் இழுத்து இழுத்து மணந்தாள். "ஒண்டும் இல்லை," என்று கொத்தை என் கையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. இதற்குப் பயந்துதான் இவ்வளவு நேரமும் சாமியைச் சாட்டினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. விடாமல் நெருக்கினதை நினைத்து வெட்கமாயிருந்தது.

திரும்பும் ரயிலில் சனம். இருக்க இடமில்லை. நான் மேலே கம்பியைப் பிடித்தபடி அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு தரிப்பு போயிருக்கும். அவள் முகத்தைச் சுளித்து அப்பால் திருப்பினாள்.

"நேற்றைய சேட்டோடையே வெளிக்கிட்டனீங்கள்? வேர்வை நாறுது."

சொல்லிவிட்டு அவளே திகைத்து என்னைப் பார்த்தாள்.

நேற்றைய சேட்டுத்தான். ஸ்டோவ்னர் வரும்வரை நான் கையை இறக்கவேயில்லை.