ரோமானியர் கூப்பிட்ட மைதானத்துக்குப் போகாத கணேசன்

போதும், இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

ஜங்லிகாட் பேட்டரிக் கடை கணேசன் நேற்று போய்விட்டார். மாரடைப்பு. சிகிச்சைக்காக மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

காலையிலிருந்து இந்த கேமிங் குரூப் முழுக்க இரங்கல். நம் அட்மினும் நீளமாக எழுதியிருக்கிறார். கேமில் கோல் இனப் படையை நடத்தக் கணேசனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானாம்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தீவுக்குக் கடலடி இன்டர்நெட் கேபிள் வராத காலம். ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும், யூடியூப் கைடுக்கு எங்கே போவது? கணேசன் கடைப் பின்னறையில் பழைய கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து அந்த ரோமானியப் போர் கேமை ஆடினோம். கரன்ட் போனாலும் ஆட்டம் நிற்காது... பேட்டரிக் கடையாயிற்றே.

நாங்கள் எல்லோரும் ரோமைப் பிடித்துக்கொள்வோம். கவசம், ஒழுங்கு, எறியீட்டி. அவர் மட்டும் ரோமை எதிர்த்த கோல் இனத்துப் படை. கவசம் கிடையாது, சீக்கிரம் களைத்துவிடுவார்கள். நேருக்கு நேர் நின்றால் செத்தார்கள்.

அவர் நிற்கவே மாட்டார். வாள்வீரர்களை மரங்களுக்குள் ஒளித்துவைப்பார். கவண்காரர்களை முன்னால் அலையவிட்டு நம் ஈட்டிகளை வீணாக்குவார். எரிச்சலில் வரிசை கலைந்து துரத்துவோம்... பக்கவாட்டில் ஒரே பாய்ச்சல். முதல் அடியில் நம் வரிசை உடையவில்லையா, உடனே பின்வாங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வருவார்.

அபர்டீன் பஜார் மாடியறையில் போட்டி நடத்தினோமே, அந்த அரையிறுதி... அட்மினின் ரோமானியப் படை சிதறி ஓடியது. மனிதர் எழுந்து கத்தினார்.

"காட்டுக்குள்ள ஒளியறதெல்லாம் ஒரு சண்டையா? தம் இருந்தா மைதானத்துக்கு வாய்யா!"

கணேசன் சமோசாவை மென்றுகொண்டே சொன்னார். "அரே பாய், ரோம்காரன் மைதானத்துக்குத்தான் கூப்பிடுவான். அதானே அவனுக்கு வசதி? நான் எதுக்குப் போகணும்?"

அங்கேயே ஒரு புது விதி பிறந்தது. மரம் உள்ள களம் செல்லாது. கணேசன் வெளியே. எதிர்த்துக் கேட்டவர்களை, "சோடோ சார், விடுங்க, கேம்தானே" என்று உட்காரவைத்தார்கள். மறக்கவில்லை.

கேபிள் வந்தது. கூடவே அட்மினின் வீடியோவும் வந்தது. கோல் படைக்கு "என் வியூகம்". அதே மரங்கள், அதே கவண்காரர்கள், அதே பாய்ச்சல். கணேசன் பேர் எங்கேயும் இல்லை.

கடைக்குப் போய்க் கொதித்தேன். அவர் சிரித்தார். "முழுசா பாத்தீங்களா சார்? பின்வாங்குறத சொல்லவே இல்ல. அத நம்பி ஆடுறவன் பூரா தோத்துத்தான் போவான்."

அவர் சிரித்து விட்டுவிட்டார். நான் விடுவதாக இல்லை. அந்த வியூகம் கணேசனுடையது. அட்மினுக்கு அது தெரிந்ததே, அதனிடம் தோற்றதால்தான்.

போய் வாருங்கள், கணேசன். நல்ல ஆட்டம்.

என் பேரைப் போட்டால் நாளைக்கு எல்லோரும் எனக்கும் அட்மினுக்கும் உள்ள பழைய சண்டையைத்தான் பேசுவார்கள். இங்கே கணேசன் பேர் மட்டும் இருக்கட்டும். பேர் இல்லாத உறுப்பினராகவே பதிவிடுகிறேன்.

பேரை மறைத்தாலும், யார் எழுதியது என்று இந்தக் குரூப் அட்மினுக்கு மட்டும் காட்டுமாம். காட்டட்டும்.