பீவியம்மா போட்ட மார்க்

மலைமேல் ஒண்டிக்கடை என்னும் இடத்தில் மிளகு, காபித்தூள் விற்கும் ரஹமத் பீவிக்குத் தாராள மனசு. எடை போட்ட பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடாவிட்டால் கை சும்மா இருக்காது. பக்கத்துத் தையல் கடைக்காரியான நான் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், வலது காலுக்குச் சேலத்தில் மூட்டு மாற்றினார்கள். அது அருமையாகத் தேறியது. இடதையும் மாற்றிவிட்டால், முன்போல் கரடியூர்ப் பள்ளத்துத் தோட்டங்களுக்கு இறங்கி, மிளகைத் தானே அள்ளிப் பார்த்து வாங்கலாம். பீவியம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

அந்த ஆஸ்பத்திரியில் நந்தினி என்று ஒரு சின்ன டாக்டர், மேற்படிப்புக்காக ஆய்வு தொடங்க இருந்தார். மூட்டு மாற்றியது பலித்ததா என்பதை எதை வைத்து அளப்பது? அதை முடிவு செய்ய முதலில் சிலரிடம் போனில் கேட்டுப் பார்த்தார்.

"பரீட்சைக்கு எழுதித் தரணுங்கம்மா. வலி எத்தனை? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

பீவியம்மா யோசிக்கவே இல்லை. வலது காலுக்குப் பத்து, இடதுக்குப் பூஜ்யம்.

மாற்றிய காலே இந்த லட்சணம் என்றால் வலியில்லாத காலில் ஏன் கைவைக்க வேண்டும் என்று, அந்த எண்களைப் பார்த்த பெரிய டாக்டர் அடுத்த ஆபரேஷனை நிறுத்திவிட்டார். பீவியம்மா கடையே திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவரை பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன்.

"வலது கால் அவ்வளவு வலிக்குதுங்களா?" என்றார் நந்தினி, முகம் வாடி.

"துளி வலி இல்ல கண்ணு. நொம்ப நல்லாப் பண்ணுன காலுக்கு மார்க்கக் கொறச்சா உன்னப் பெயிலாக்கிப் போட மாட்டாங்களா?"

"அப்ப இடதுக்கு?"

"அதுல நீங்க கையே வெக்கலியே. எதுக்குப் போடறது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நந்தினி சிரித்து முடித்துவிட்டு, கால் சரியானால் என்ன செய்ய ஆசை என்று கேட்டார்.

"எறக்கத்துல எறங்கோணும் சாமி. யாரு கையும் புடிக்காம."

நடக்கவைத்துப் பார்ப்பதெல்லாம் ஆஸ்பத்திரியின் சமதளத் தாழ்வாரத்தில்தான். மலைக்காரர்களை இறங்கச் சொல்லிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நந்தினி பெரிய டாக்டரை அழைத்துவந்து, ஸ்ட்ரெச்சர் தள்ளும் சரிவில் பீவியம்மாவை இறங்கச் சொன்னார். நாலடி வைப்பதற்குள் இடது கால் மடங்கியது. நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

"இப்ப வலி எவ்வளவும்மா?" என்றார் பெரிய டாக்டர்.

ஆபரேஷனே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. இந்த அம்மாவோ நந்தினியைத் திரும்பிப் பார்க்கிறார்.

"நெசத்தச் சொன்னா இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் வராதுங்களே?"

வராது என்று பெரிய டாக்டர் இரண்டு முறை சொன்ன பிறகுதான், வலிக்கிறது என்று ஒப்புக்கொண்டு பீவியம்மா அழுதார்.