அப்பாவின் நிலம் போன வழி

மழைக்காலம் வந்தாலே எனக்குப் பயம். வடக்கே போர்வெல் போடப் போன ரிக் லாரிகளெல்லாம் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். சேறு காயும்வரை ஆம்பிளைகளுக்கு வேலை கிடையாது. முன்பெல்லாம் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், இப்போது ஷேர் மார்க்கெட். சீட்டே தேவலாம் போங்கள்! தோற்றவன் பொழுது சாய்வதற்குள் எழுந்து வீட்டுக்காவது வந்துவிடுவான்.

ஒரு லாரியில் பங்கு வைத்திருக்கும் என் வீட்டுக்காரரைப் போன வருஷம் டீக்கடையில் யாரோ ஒரு ஃபோன் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். ரெண்டு ரூபாய், மூணு ரூபாய்க்கு விற்கும் ஷேர், ஆறே மாதத்தில் முப்பதாகிவிடுமாம். சோலார் தகடு செய்கிற கம்பெனி என்றார். எந்த ஊர் என்று கேட்டால் "வடக்க எங்கியோ" என்றார். பைக்குக்கு சீட் கவர் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன் இவர்.

முதலில் ஏறத்தான் செய்தது. அந்த சந்தோஷத்தில் பிரியாணி வாங்கி வந்தார். நானும் ருசித்துத்தான் தின்றேன். கைச்செலவுக்கு வைத்திருந்ததைப் போட்டு விளையாடுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

பாங்கில் எங்கள் ரெண்டு பேர் பேரிலும் ஒரு பணம் இருந்தது. மல்லசமுத்திரத்தில் எங்கப்பா எனக்குக் கொடுத்த நிலத்தை விற்ற பணம். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான், ஆணி அடிக்கக்கூட அடுத்தவரைக் கேட்க வேண்டும். சொந்த வீடு கட்டத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த நிலத்தை விற்றேன்.

மழை விட்டதும் கொத்தனார் அட்வான்ஸ் கேட்டு வந்தார். நாளைக்குத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, இவர் வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"பணம் ஷேர்ல கெடக்குது."

"அட்வான்சுக்கு மட்டும் எடுங்க."

"எடுக்க முடியாது. தெனமும் விக்கப் போடறேன், வாங்க ஆளில்ல."

"எவ்வளவு போட்டீங்க?"

"பூராத்தையும்."

விலை இறங்க இறங்க, கீழே வாங்கினால் சராசரி குறையும் என்று குரூப்பில் சொன்னார்களாம். நூறடியில் தண்ணீர் வராவிட்டால் இன்னும் நூறடி போவது போல இவரும் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். ஃபோனைக் காட்டினார். முப்பத்தாறு பைசா என்றிருந்தது.

"வாங்க ஆளில்லாத சாமானுக்கு வெல என்னத்துக்குங்க போட்டிருக்குது?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "விக்கத்தான் முடியாது சாமி, வாங்கறதுக்கு எவ்வளவு வேணாலும் கெடைக்குது. உன்ற சங்கிலியக் குடுத்தீன்னா, இந்த வெலைக்கு வாங்கிப்போட்டு, கொஞ்சம் ஏறுனாலும் வெளிய வந்தறலாம்."

இதே மனுஷன்தான் ஒருமுறை வடக்கே ஒரு புஞ்சைக் காட்டில் போர் போடும்போது பாதியில் எஞ்சினை நிறுத்தியவர். அடியிலிருந்து வெறும் பாறைப்பொடி வந்துகொண்டிருந்ததாம். அந்தக் காட்டுக்காரம்மா காதுத் தோட்டைக் கழற்றி நீட்டி, இன்னும் நூறடி போடச் சொல்லி அழுதாளாம். இவர் அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டார். வரும்படி போச்சு என்று கூட்டாளிகள் ஏசினார்கள். எனக்கு அப்போது தாங்க முடியாத பெருமை. அந்த நம்பிக்கையில்தான் பாங்குப் புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"அந்தம்மாகிட்ட மட்டும் எப்பிடிங்க போதும்னு சொன்னீங்க?"

"அது அவிய காடு. பாறைன்னு பட்டுன்னு தெரிஞ்சுது." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இது நம்முளுது. இதுல தண்ணியில்லீன்னு எப்பிடி உட்டுட்டு வாரது?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த முப்பத்தாறு பைசாவுக்குள் கிடப்பது எங்கப்பா நிலம். அது போனது போனதுதான் என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.