பின்னட்டையில் நின்ற கப்பல்

அதை ஏன் கேக்குற மைனி, எம் மருமவ என் படப் புஸ்தகக் கதையத் தெரு பூராச் சொல்லிச் சிரிக்குதாளாம்லா. சிரிக்கட்டும். தறிக்குத் தார்நூல் சுத்திச் சுத்தித் தோள்பட்டை விட்டுப்போச்சு. கோவப்படவும் தெம்பு வேணும்லா.

விசயம் இதுதான். சீசனுக்குக் குத்தாலம் போனோம்லா, அருவிக்குப் போற வழியில ஒருத்தன் பழைய புஸ்தகம் பரப்பி வச்சிருந்தான். ரெண்டு படக்கதை வாங்கினேன். ஒண்ணு புலிக் கதை. அது உருப்படியில்ல மைனி. வரைஞ்சவன் புலியக் கண்ணால பாத்ததில்ல போல, தெரு நாய்க்குக் கோடு போட்டு உட்ருக்கான். செவப்பு மையி கோட்டத் தாண்டி ஓடி, வேட்டைக்காரன் மூக்கெல்லாம் ரத்தமாக் கெடக்கு. ஆனா அவன் மீசை நல்ல மீசை, அதச் சொல்லணும். இன்னொண்ணு கப்பல் கதை. வினை அதுலதான் வந்துச்சு.

எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சின்னதுல அரபி ஓதப் போனதோட சரி. ஓதுற கிதாபை எந்தப் பக்கமிருந்து தொறப்போமோ, அந்தப் பக்கமிருந்துதான் படக்கதையையும் இத்தன வருசமாத் தொறந்தேன். கட்டத்தையும் வலத்தேருந்துதான் பாப்பேன். நல்ல படத்தப் போயி பின்னட்டையில போட்டிருக்கானேன்னு அச்சடிக்கிறவன வைவேன்.

அப்படித் தொறந்தா, மொதப் படத்துல ஒருத்தன் பெத்தவளக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கான். அடுத்தாப்ல கப்பல்ல போறான். பெறகு புயல், கட்டுமரத்துல தத்தளிக்கான். கடைசில ஆளில்லாத கரையில ஒத்தையா நிக்கான். அவ்வளவுதான், கதை முடிஞ்சு போச்சு.

எம் மவன் கொழும்புக் கடையிலருந்து பெருநாளைக்குக் கப்பல்ல வாரேன்னு சொல்லி உட்ட நேரம் அது. போட்ட சோத்த அப்படியே மூடி வச்சிட்டேன்.

"என்ன மாமி, ஒரு மாதிரி இருக்கீங்க?"ன்னு மருமவ கேட்டா. சொன்னேன். அவ பள்ளிக்கூடம் போனவ. புஸ்தகத்த வாங்கித் திருப்பிப் போட்டா.

"தமிழுக்கு இந்தப் பக்கந்தான் மொத மாமி. அவன் தீவுலருந்து தப்பிச்சு உம்மாட்ட வாரான்."

"அப்ப, போன வருசம் வாங்கினோமே, அந்த ராசா மவன்? காட்டுல உட்டுட்டுப் போயிட்டானுவளே."

"காட்டுலருந்து அரமனைக்கு வந்துட்டான் மாமி."

பரண்ல கெடந்தது பூராத்தையும் எறக்கி, இடது பக்கமிருந்து பாத்தேன். எவனுக்கெல்லாம் அழுதேனோ, அவனெல்லாம் வீடு வந்து சேந்திருக்கான் மைனி. சந்தோசந்தான். ஆனா இத்தன வருசமா அழுதத நெனச்சா அசதியா வருது.

எம் மவனும் முந்தாநாள் வந்து சேந்துட்டான். வந்ததுலருந்து தூக்கந்தான். பொட்டியத் தொறந்ததும் எனக்கு ஒரு படக்கதைதான் எடுத்துக் குடுத்தான். சிங்கள எழுத்தாம், முறுக்குச் சுத்துனாப்ல இருக்கு. மருமவ இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புதா.

"மாமி, இதை எந்தப் பக்கந் தொறக்கணும்?"

நான் என்னத்தக் கண்டேன். ஒரு பக்கமிருந்து பாத்தா ஒரு பொண்ணு கெணத்துல விழுதா. மத்தப் பக்கமிருந்து பாத்தா கெணத்துலருந்து ஏறி வாரா. ஏறித்தான் வாரான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். சிங்களம் தெரிஞ்ச மவன எழுப்பிக் கேக்கல.

இரு மைனி, தறிப் பாவு நூலுக்குக் காச்சுத கஞ்சி பொங்குது, எறக்கி வச்சிட்டு வாரேன்.