அகல முகம்
நெய்வேலி நகரியத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். புது அகல மானிட்டர் வந்ததிலிருந்து, போட்டோவை, கணினியோடு இணைத்த வரைபலகையான டேப்லெட் மேல் வைத்துப் பேனாவால் வரைந்தால் திரையில் முகம் அகலமாக விழுந்தது. யூனியன் தலைவரின் பேனர் ஒன்று அப்படியே அச்சாகிப் போயிருந்தது.

"உன் கை போச்சுப்பா," என்றார் முதலாளி.

என் கையை எனக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் மூடியை வைத்துச் சுற்றி வரைந்தேன். வட்டமான மூடி திரையில் முட்டையாக விழுந்தது.

"மூடியும் போச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு, செட்டிங்ஸில் டேப்லெட்டின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்துக்குப் பொருந்த மாற்றினேன். மூடி வட்டமானது. அடுத்த பேனருக்கு யூனியன் தலைவரின் முகத்தையும் புதிதாக வரைந்து வைத்தேன்.

ஷிப்ட் முடிந்து பேனர் பார்க்க வந்த யூனியன்காரர் முகம் சுளித்தார்.

"அண்ணன் எளச்சிட்டாருங்களே. போன பேனர்ல இருந்த மாதிரியே போட்டுடுங்க."