எங்கும் நிற்காத வேன்

அன்று வேனில் இருந்தவர்கள்: மெனேஜர், காசாளர் மிஸ், கவுண்டரில் இருக்கும் மிஸ், பியோன் அண்ணன், என்னைப் போலவே கடன் வசூலுக்குப் போகிற இரண்டு பேர், டிரைவர், ஒரு மேளம், ஒரு பெட்டி நிறைய ஜிஞ்சர் பியர். வேனில் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

லுணுகலையில் கடைகளுக்கு மேலே மாடியில் இயங்கும் ஒரு சின்னக் கடன் கம்பனிக் கிளை எங்களுடையது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்த் தவணை வாங்கி வருவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான் என்பதால், கழுத்தில் ஒபிஸ் அட்டை தொங்க, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் நடந்துபோனால் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பார். அந்த அட்டைக்கு ஒரு வருடம்தான் ஆயுள். வருடம் முடிந்ததும் நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தரமானால் கம்பனி மருந்துச் செலவைத் தரும். எனக்கு வேண்டியிருந்தது அது.

எனக்குப் பெருங்குடலில் புண். பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது யாருக்கும் தொத்தாது தம்பி. ஆனா ஒங்கள விட்டுப் போகவும் போகாது. ரெண்டு பேரும் ஒத்துப் போங்க." ஒத்துப்போவதென்றால், வயிறு கூப்பிட்டால் அந்த நிமிடமே எழுந்து போவது. தோட்டங்களில் அதற்குக் கஷ்டமே இருக்கவில்லை. எந்த லயத்திலும் கேட்டால் கழிப்பறையைக் காட்டிவிட்டு வாளியில் தண்ணீரும் வைப்பார்கள். தவணை கட்ட வேண்டியவர்கள்கூடத்தான்.

கஷ்டம் ஒபிஸில். அங்கே இருந்தது ஒரே கழிப்பறை. என் வயிற்று வருத்தத்தைப் பற்றி நான் சொன்ன மறுவாரமே மெனேஜர் அதற்குப் பூட்டுப் போட்டார். சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். தொலையாமல் இருக்க அதில் கோடு போடுகிற ஒரு நீளமான மர அடிமட்டத்தையும் கட்டினார். போக வேண்டியவர்கள் அவரிடம் கேட்டு, அடிமட்டத்தைச் செங்கோல் மாதிரி தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர்கள் மத்தியில் நடக்க வேண்டும். நான் நடக்கும்போதெல்லாம் அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார். "மறுபடியுமா தம்பி? சம்பளம் எதுக்கு, இதுக்கா?" என்பார். மற்றவர்கள் தலை குனிந்து எதையாவது எண்ணுவார்கள். அந்தப் பூட்டு என் ஒருவனுக்காக என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒவ்வொரு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒபிஸ் ட்ரிப். அந்த வருடம் ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் பகல் சாப்பாடு. கொழும்புத் தலைமை ஒபிஸிலிருந்து பெரியவர் வருவார், புதியவர்களுக்குக் கைகொடுத்துப் பேசுவார். அவர் கைகொடுத்தவர்களுக்கு அடுத்த மாதமே நிரந்தரக் கடிதம் வரும். அங்கே காணப்படாதவர்கள் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

மெனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, நீங்க வரவேணாம். ஒங்களுக்காக வேன நிப்பாட்டி நிப்பாட்டிப் போனா நாங்க போய்ச் சேர்ற நேரம் பெரியவர் கொழும்புக்குத் திரும்பிருவாரு."

"நான் ராத்திரியே சாப்பிடாம இருந்துக்குறேன் சேர்."

"வேணாம், வேணாம். ஒங்களப் பத்தி நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன்."

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். என்னை ஒதுக்கியது ஒதுக்கியதாகத் தெரியக்கூடாது என்று, பிறகு எல்லோரையும் கூட்டி அறிவித்தார்: "லுணுகலையில ஏறுனா ஹல்துமுல்லையிலதான் எறக்கம். நடுவுல எங்கயும் வேன் நிக்காது. யாருக்காகவும் நிக்காது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பதுளைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அக்காவிடம் சனிக்கிழமை இதைச் சொன்னேன். அவள் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள், "ஏன்டா, ரயில்ல கக்கூஸ் இருக்குதானே?"

இருந்தது. ரயிலில் ஏறிய ஒவ்வொரு தடவையும் பார்த்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. பதுளையில் ஏறி ஹப்புத்தளையில் இறங்கினால் அங்கிருந்து ஹல்துமுல்லைக்கு பஸ். நான் அக்காவின் மாவுக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "விடுடா பைத்தியம். நானும் வாறேன், நாளைக்கு எனக்கும் லீவுதான்" என்றாள்.

மறுநாள் காலை பெரியவருக்குக் கைகொடுப்பதற்காகவே அயன் பண்ணிய வெள்ளை முழுக்கைச் சட்டை, அக்காவின் மடியில் ரொட்டிப் பார்சல், இரண்டு மூன்றாம் வகுப்பு டிக்கெட். எங்கள் இருக்கைக்கு நாலடி தள்ளிக் கழிப்பறை. கதவில் ஒரு கொண்டி மட்டும். பூட்டு இல்லை, அடிமட்டம் இல்லை, கடிகாரம் இல்லை. ஹாலிஎலை வருவதற்குள் இரண்டு தரம் போய்வந்தேன். முதல் தரம் தேவைக்கு. இரண்டாம் தரம் சந்தோஷத்துக்கு.

"டே, டிக்கெட் காசுக்கு இத மட்டுந்தான் பாப்பியா? வெளிய பாரு, மலையெல்லாம் போகுது" என்றாள் அக்கா.

அதற்குள் கவுண்டர் மிஸ்ஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் வரத் தொடங்கின. அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. நான் ரயிலில் வருகிறேன் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முதல் செய்தியில் மேளமும் பைலாப் பாட்டுமாக இருந்தது. "தம்பி, பசறை தாண்டியாச்சு. பாடுறது யாருன்னு கேளுங்க, நம்ம சேர்தான்."

இரண்டாவது: "ஆளுக்கு ரெண்டாவது போத்தலும் குடுத்துட்டாரு. நான் வேணாம்னேன். குடிங்க மிஸ், புள்ளைக்கு நல்லதுங்குறாரு."

மூன்றாவதில் மேளம் இல்லை. குரலும் ரகசியமாகிவிட்டது. "பாட்டு நின்னுருச்சு தம்பி. காசாளர் மிஸ் கண்ண மூடிக்கிட்டு தேவாரம் சொல்றாங்க."

நான்காவது தெமோதரைக்கு அப்புறம் வந்தது. "பியோன் அண்ணன் கேட்டுட்டாரு, எங்கயாச்சும் ஒரு அஞ்சு நிமிசம்னு. சேர் முடியாதுன்னுட்டாரு. அந்தத் தம்பிய வேணாம்னு சொல்லிட்டு இப்ப நிப்பாட்டுனா நாளைக்கு என்னைய என்னா பேசுவீங்கன்னு கேக்குறாரு."

அக்கா போனை வாங்கி இன்னொரு தரம் கேட்டாள். "ஒங்க தொர ஞாயமான ஆளுதான்" என்றாள்.

பண்டாரவளையில் எதிர் ரயிலுக்காக எங்கள் ரயில் நெடுநேரம் நின்றது. வெளியே ஞாயிற்றுச் சந்தை. பாதை முழுக்க லொறியும் மரக்கறி மூட்டையும் குடையும். நான் பெட்டி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த நெரிசலுக்குள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஏதோ வேகமாக வந்தது. ட்ரிப்புக்கென்று அடித்த மஞ்சள் டீ-சேர்ட்டில் கவுண்டர் மிஸ், அவர் கையைப் பிடித்தபடி காசாளர் மிஸ், பின்னால் பியோன் அண்ணன்.

சந்தை நெரிசலில் வேன் அசையாமல் நின்றிருக்கிறது. காசாளர் மிஸ், பத்து ரூபா குறைந்தாலும் ஒபிஸைப் பூட்டவிடாத அந்த அம்மா, "நீங்க நிப்பாட்டல சேர், அதுவா நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துத் திறந்து இறங்கிவிட்டாராம். ஸ்டேஷன் கழிப்பறை பூட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "உள்ள இருக்கா?"

"இருக்கு மிஸ். ஏறுங்க."

மூவரும் ஏறினார்கள். கழிப்பறைக் கதவுவரை போன காசாளர் மிஸ் அங்கே ஒட்டியிருந்த அறிவித்தலைப் படித்தார். மூன்று மொழியிலும் படித்தார். ரயில் நிலையத்தில் நிற்கும்போது பாவிக்கக்கூடாது என்று இருந்தது.

"அப்ப ரயில் வெளிக்கிடட்டும்" என்றார்.

"மிஸ், வெளிக்கிட்டா எப்பிடி எறங்குறது?" என்று பியோன் அண்ணன் கேட்டார்.

"அத அப்புறம் பாப்போம். சட்டம்னா சட்டந்தான்."

அந்த நேரத்தில்தான் நாலாவது மஞ்சள் டீ-சேர்ட் பிளாட்போமில் ஓடிவந்தது. மெனேஜர் படியில் ஒரு காலை வைத்து, "எல்லாரும் எறங்குங்க, பாதை விட்டுட்டான்" என்றார். எதிர் ரயில் கூவிக்கொண்டு உள்ளே வந்தது. எங்கள் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. மெனேஜர் மற்றக் காலையும் உள்ளே எடுத்துக்கொண்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் பேச முடியாத அவசரம் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். கண்ணாடியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

"பூட்டியிருக்கா?" என்றார்.

"இல்ல சேர். உள்ள ஆள் இருக்கு. இதுக்குச் சாவி வேணாம்."

பியோன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அதற்குள் அக்கா எழுந்து வந்து வரிசையைக் கையில் எடுத்துவிட்டாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பழகியவள். "வயித்துப் புள்ளக்காரி போயிட்டாங்க. அடுத்தது மிஸ். அப்புறம் அண்ணன். தொர நீங்க அதுக்குப் பின்னாடி."

காசாளர் மிஸ் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முந்தானை இல்லாத டீ-சேர்ட்டின் விளிம்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சீனி வருத்தம் தம்பி. ரொம்ப வருசமா. ஒபிஸ்ல ஒருத்தருக்கும் சொன்னதில்ல. சொன்னா காசுப் பெட்டிச் சாவிய வாங்கிட்டு மூலையில ஒக்கார வச்சிருவாங்க." என் அடிமட்ட ஊர்வலங்களின்போது அவர் ஏன் அவ்வளவு கவனமாகக் காசை எண்ணினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பியோன் அண்ணன் வெளியே வரும் சமயம் பார்த்து என் வயிறு கூப்பிட்டது. கேட்டுக் கூப்பிடுகிற மாதிரி இல்லை, இழுத்துக் கூப்பிடுகிற மாதிரி. கதவின் முன்னால் மெனேஜர் நின்றார். ஒரு வருடமாக நான் அவர் மேசைக்கு முன் நின்ற அதே தூரத்தில் இப்போதும் நின்றேன்.

அக்காதான் சொன்னாள். "தொர, கொஞ்சம் தள்ளுங்க. ஒங்களுக்கு அவசரம். அவனுக்கு வருத்தம்."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை மணி மணியாக நின்றது. பிறகு ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். அவ்வளவுதான். நான் உள்ளே போய்க் கொண்டியைப் போட்டதும், சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

வெளியே வந்தால் மெனேஜரைக் காணோம். அடுத்த பெட்டியிலும் ஒரு கழிப்பறை உண்டு என்று யாரோ ஒரு பயணி சொல்லியிருக்கிறார். "ஏன்க்கா, ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும்" என்று ரொட்டியைப் பிரித்தாள்.

ஹப்புத்தளையில் டிக்கெட் பரிசோதகர் வாசலில் நின்றார். எங்கள் இருவரிடமும் டிக்கெட் இருந்தது. மஞ்சள் டீ-சேர்ட்டுகள் நான்கும் ஒன்றையொன்று பார்த்தன. மற்ற மூவரின் பணப்பைகளும் வேனில். மெனேஜரிடம் மட்டும் காசு இருந்தது. சிங்களத்தில் என்னென்னவோ விளக்கினார். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கழிப்பறைக்குப் போனதுக்கு அபராதம் இல்லை ஐயா, ரயிலில் வந்ததற்குத்தான்" என்றார். நாலு ரசீது கிழித்தார்.

மெனேஜர் போனில் வரச்சொன்ன வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்த வசூல்காரர் இருவரும் எங்களைக் கண்டதும் மேளத்தை அடிக்கத் தொடங்கினார்கள். மெனேஜர் முன்கதவைத் திறந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "ஏறுங்க தம்பி. அக்காவும் ஏறுங்க" என்றார். ஹல்துமுல்லைக்குப் போகும் வழியில் வேன் இரண்டு இடத்தில் நின்றது. ஒன்று எனக்காக. மற்றது யாருக்கென்று நான் பார்க்கவில்லை.

பங்களாப் புல்வெளியில் பெரியவர் ஒவ்வொருவருக்காகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், "வருசம் முடியுதா? மத்தவங்க மாதிரி டீ-சேர்ட் இல்லையே" என்றார்.

"நான் ரயில்ல வந்தேன் சேர். பெருங்குடல்ல எனக்கு வருத்தம், அடிக்கடி போகணும். வேன் நிக்காதுன்னு வரவேணாம்னாங்க." பாடம் ஒப்பிப்பது மாதிரி சொல்லி முடித்தேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் புருவம் ஏறியது. "அப்ப வேலைக்கு அது இடைஞ்சல்தானே?"

"கக்கூஸ் பூட்டியிருந்தாத்தான் சேர் இடைஞ்சல்."

மேளக்காரர்கள் இருவரும் வெடித்துச் சிரித்துவிட்டார்கள். காசாளர் மிஸ் ஒரு அடி முன்னால் வந்தார். "இந்தத் தம்பி வசூல்ல இன்னைக்கு வரைக்கும் குறையில்ல சேர். கணக்கு என்கிட்ட இருக்கு." பெரியவர் மெனேஜரைப் பார்த்தார். மெனேஜர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாகத்தான் ஆட்டினார் என்று அக்கா சத்தியம் பண்ணுகிறாள்.

பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே வேகத்தில் பக்கத்தில் நின்ற அக்காவின் கையையும் பிடித்துக் குலுக்கி, "நீங்க எந்தப் பிரிவும்மா?" என்று கேட்டார்.

"கொழுந்துங்க" என்றாள் அக்கா.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. கழிப்பறைச் சாவி இப்போது கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்குகிறது. அடிமட்டத்தைப் பியோன் அண்ணன் கழற்றிக் கொண்டுபோய்விட்டார். மெனேஜர் இன்றுவரை மன்னிப்பு என்று ஒரு சொல் சொன்னதில்லை. நான் எழுந்தால் இன்னமும் அவர் கண் கடிகாரத்துக்குப் போகும், பாதியில் திரும்பி வந்துவிடும்.

அந்த நாலு ரசீதுகளை மட்டும் அவர் ட்ரிப் செலவில் எழுதச் சொல்லிக் காசாளர் மிஸ்ஸிடம் கொடுத்துப் பார்த்தார். மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "டிக்கெட் இல்லாமப் போனது சொந்தச் செலவு சேர். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்று திருப்பிக் கொடுத்தார். தன் பங்கையும் அன்றே எண்ணி வைத்தார். அபராதமும் இரட்டைக் கட்டணமுமாக, பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்குப் போக அந்த நாலு பேருக்கும் ஆன செலவு பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபா.